என் கழுத்து நாடியும் அதைச் சுற்றிய நாளங்களும்

என் கழுத்தைப் பற்றி எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியானவன் இந்த வாவிக்கரையில் இல்லை. அரிசி ஆலை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு ஆலைக்குள் நெல்மூட்டை சுமந்துகொண்டு நுழைந்து, பிற்காலத்தில் அதே ஆலையை வாங்கியவன் நான் ஒருவன்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. வயல் வட்டையில் ஒரு துண்டு நிலமும் அப்பன் எனக்கு விட்டுப் போகவில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்தவன், தோணியில் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு நாட்டாமி வேலைக்கு வந்தேன். நாட்டாமி என்றால் லொறியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். வெறுஞ்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, பிடரியில் மூட்டையை வாங்குவோம். மற்றவர்கள் முதுகை வளைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். நான் ஆளைப் பார்த்துப் பேசிக்கொண்டே நிமிர்ந்து போவேன். லொறிக்காரர்கள் என் கழுத்தை இரும்பு என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

அந்த இரும்பு நோகும் என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து வாசற்படியில் இருப்பேன். என் மனைவி நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, பெருவிரல்களால் பிடரியிலிருந்து மேலே தலைமயிர் தொடங்கும் இடம் வரைக்கும் அழுத்தி அழுத்திக் கொண்டு போவாள்.

"ஊருக்கெல்லாம் இரும்பு. எனக்கு மட்டும் புண்ணாக்கு," என்பாள்.

லொறி வாங்கின பிறகும், ஆலை வாங்கின பிறகும், மூட்டையைத் தொடவேண்டிய தேவையே இல்லாமல் போன பிறகும் எண்ணெய் நின்றுபோகவில்லை. முதலாளி ஆனவனுக்குக் கழுத்து ஏன் நோக வேண்டும் என்று அவள் கேட்டதும் இல்லை, நான் விளக்கம் சொன்னதும் இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆணாகப் பிறந்தவன் முதலில் தாய் வீட்டில் இருப்பான், பிறகு மனைவி வீட்டில் இருப்பான், கடைசியில் மகள் வீட்டின் பின்பக்கத்துக்குப் போவான். நானும் அப்படித்தான். ஆரையம்பதிப் பக்கத்தில் இல்லாத மாதிரி ஒரு மாடிவீடு கட்டினேன். தச்சு வேலை ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்ததும் அதை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் பின்வளவில் ஒரு அறையும் குசினியுமாகக் கட்டியிருந்த வீட்டுக்கு மாறினோம். மகளும் மருமகனும் கொஞ்சக் காலம் மாடிவீட்டில் இருந்தார்கள். சண்டைக் காலம். யாருக்கும் நாளைக்கு என்ன என்று தெரியாது. கனடாவுக்குப் போய்விட்டார்கள். மாடிவீடு பூட்டிக் கிடந்தது. நாங்கள் பின்னால் இருந்தோம். அவள் இருந்தவரை அந்தச் சின்ன வீடு எனக்குப் போதுமாக இருந்தது.

கடல் வந்த அந்தக் காலை, நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள், பௌர்ணமிப் போயா விடுமுறை. கடற்கரை வீதியில் இருந்த தன் தங்கச்சி வீட்டுக்கு மனைவி வெள்ளெனப் போயிருந்தாள். விடுமுறையிலும் நான் ஆலையில்தான் இருப்பேன். சனங்கள் வீதியில் ஓடி வந்தார்கள். "கடல் வருகுது! கடல் வருகுது!" என்று ஒருத்தி கத்தினாள். நான் சிரித்தேன். கடல் எப்படி அம்மா வரும், நாம்தான் கடலுக்குப் போக வேண்டும் என்றேன். பிறகு அவள் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டேன்.

தங்கச்சி வீட்டில் அத்திவாரம் மட்டும் மிச்சம் இருந்தது. தங்கச்சியின் உடலைக் கண்டெடுத்தார்கள். என் மனைவியைக் கண்டெடுக்கவில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், கோயில் மடங்கள் எல்லாம் போய்ப் பார்த்தேன். முகம் தெரியாமல் கிடந்தவர்களின் கைகளைப் பார்த்தேன். அவள் பெருவிரலை நான் எங்கே கண்டாலும் அடையாளம் பிடிப்பேன். காணவில்லை.

அந்தக் கிழமை அகதி முகாம்களில் கொதித்த சோற்றில் பெரும்பங்கு என் ஆலை அரிசி. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன், கேட்டுப் பாருங்கள். மூட்டையை நானே தூக்கி லொறியில் போட்டேன். வேலையாட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் உடல் கிடைக்காத வீட்டில் செத்தவீடு இல்லை. செத்தவீடு இருந்தால் சனம் வரும், கையைப் பிடிக்கும், தோளில் விழுந்து அழும். எனக்கு ஒருவரும் அப்படி வரவில்லை. எல்லா வீட்டிலும் அவரவர் சாவு. என்னிடம் வந்தவர்கள் அரிசிக்கு வந்தார்கள். நானும் அளந்து போட்டேன்.

எண்ணெய்ப் போத்தல் குசினித் தட்டில் தூசி பிடித்துக் கிடந்தது. ஒரு பின்னேரம் நானே என் பிடரியில் தடவிப் பார்த்தேன். எட்டுகிறது, ஆனால் அழுத்த முடியவில்லை. தன் கழுத்துக்குத் தன் கை உதவாது. ஒரு மனிதக் கை என் மேல் பட்டு எவ்வளவு காலம் என்று அப்போதுதான் யோசித்தேன். சென்றிச் சாவடியில் ஆமிக்காரன் இறக்கி நிறுத்தி உடம்பைத் தடவிச் சோதித்ததுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த நாட்களில் என் ஆலைக்கு எதிரில், வீதியோரம், தகரத்தால் ஒரு சலூன் முளைத்தது. சலூன்காரன் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். அவனுடைய பழைய கடை கடற்கரையில் இருந்தது. அதில் மிஞ்சியது சுழலும் நாற்காலி ஒன்றுதான். அதன் காலில் உப்புத் துரு ஏறியிருந்தது. சுழற்றினால் கத்தும். அவனுக்குப் போனவர்கள் யார் என்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

"முதலாளிக்கு வெட்ட என்ன கிடக்கு? காதுக்கு மேல கொஞ்சம் புல்லு," என்றான் முதல் நாள்.

"புல்லெண்டாலும் சொந்தக் காணியில முளைச்ச புல்லு. வெட்டு," என்றேன்.

முடித்துவிட்டு, "நெட்டி முறிச்சு விடட்டா?" என்று கேட்டான்.

"முறி பாப்பம்."

ஒரு கையை முகவாயிலும் மறு கையைப் பிடரியிலும் வைத்தான். அசைத்தான். அசையவில்லை.

"தலையைத் தாங்க முதலாளி."

"தந்துதானே இருக்கன்."

"இல்ல, நீங்க பிடிச்சிருக்கிறீங்க. மேல மூட்டை கிடக்கிற மாதிரிப் பிடிச்சிருக்கிறீங்க. விடுங்க. நான் விழ விடமாட்டன்."

"இந்தக் கழுத்தைக் கிறுக்கித் திருப்ப உன்னால ஒண்ணாது தம்பி. இது நாட்டாமிக் கழுத்து."

"அப்ப மறுகா ஒரு நாளைக்குப் பாப்பம்," என்று துணியை உதறினான்.

போகப் போக ஒரு நாள் விட்டேன். எப்படி விட்டேன் என்று எனக்குத் தெரியாது. அன்று மழை. தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. என் தலை எவ்வளவு பாரம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். அதை அவன் இரண்டு உள்ளங்கைகளில் தாங்கிக்கொண்டு, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை ஏந்துவது போல மெல்ல அங்கும் இங்கும் ஆட்டினான். பிறகு ஒரே திருப்பு. டக். மறுபக்கம் இன்னொரு டக். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் துவாயை என் முகத்தில் போட்டுவிட்டு மழையைப் பார்க்கப் போனான்.

அதற்குப் பிறகு நான் அங்கே அடிக்கடி போனேன். வழிக்கத் தாடி இல்லாத நாட்களிலும் போனேன். ஆலையில் வேலை செய்கிறவர்கள், "முதலாளி மாப்பிள்ளையாகப் போறார் போல," என்று பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும். படுவான்கரையில் சண்டை மூண்டு சனம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்ததும், பிறகு சண்டை ஓய்ந்து திரும்பிப் போனதும், வடக்கில் அது கடைசிக்கு வந்ததும் எல்லாம் எனக்கு அந்த நாற்காலியோடு சேர்ந்துதான் ஞாபகம் இருக்கிறது. தலையை அவனிடம் கொடுத்துவிட்டு ரேடியோவில் செய்தி கேட்பேன்.  

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன நாளும் நான் அங்கேதான் இருந்தேன். கடையில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. வீதியில் ஆள் நடமாட்டமும் குறைவு. அவன் ரேடியோவை நிறுத்தினான். கொஞ்ச நேரம் சீப்பைத் துடைத்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து என் தலையை இரண்டு கைகளிலும் எடுத்தான். நான் விட்டேன். அவன் திருப்புகிற அந்தக் கணத்தில் சந்தியில் யாரோ வெடி கொளுத்தினார்கள். சரம் வெடி. இத்தனை வருடம் சத்தம் கேட்டுப் பழகின உடம்பு அவனுடையது. கை உதறியது. என் கழுத்து உதறின பக்கம் போயிற்று.

வழக்கமான டக் இல்லை. வேறு மாதிரி ஏதோ ஒன்று, துணி கிழிகிற மாதிரி. வலது பக்கம், காதுக்குப் பின்னால்.

"நொந்ததா முதலாளி?"

"எனக்கா? போடா," என்றேன்.

சில நாள் அந்த நோவோடு திரிந்தேன். ஒரு காலை ஆலையில் அடுக்கி வைத்த மூட்டைகள் எல்லாம் என் பக்கம் சாய்ந்து வருவது போலத் தெரிந்தது. ஒவ்வொரு ஆளும் இரண்டு ஆளாகத் தெரிந்தான். குமட்டிக்கொண்டு வந்து சத்தி எடுத்தேன். ஓட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். என்னைப் பிறர் தூக்கியது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பி ஸ்கேன் படம் எடுத்தார்கள். வழியில் சென்றிகள் இருந்தன, ஆனால் இறக்கவில்லை. கையைக் காட்டி விட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் படத்தைப் பார்த்த டொக்டர் என் மகளைவிட இளைய பெண்பிள்ளை. மேசையில் பிளாஸ்டிக் கழுத்தெலும்பு ஒன்று வைத்திருந்தாள்.

"ஐயா, கழுத்தெலும்பு ஒவ்வொண்டிலயும் ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கு, பாருங்க. ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கினா ஓட்டையெல்லாம் சேர்ந்து குழாய் மாதிரி வரும். அதுக்குள்ளால ஒரு நாடி மூளைக்கு ஏறிப் போகுது. உங்களுக்கு வலது பக்க நாடியில உள்தோல் கிழிஞ்சிருக்கு."

"வெட்டித் தையுங்க மகள். எவ்வளவு செலவெண்டாலும் பாப்பம்."

"அவடத்த அப்படிச் சும்மா வெட்டேலாது. நாடி தனியப் போறல்ல. அதைச் சுத்திச் சின்னச் சின்ன நாளங்கள் வலை மாதிரிப் பின்னிக் கிடக்கு. கத்தி பட்டா வலை முழுக்க இரத்தம் கசியும். ஒண்டும் கண்ணுக்குத் தெரியாது. அவசியமில்லாம ஒருத்தரும் அதுக்குள்ள கை வைக்கமாட்டாங்க. குளிசை போட்டா அநேகமா தானா ஒட்டிக்கொள்ளும்."

"நாளம் எண்டா என்ன, நாடி எண்டா என்ன?"

"மேல இரத்தம் கொண்டு போறது நாடி. பாவிச்ச இரத்தத்தைக் கீழ கொண்டு வாறது நாளம்."

"போறதும் வாறதும் ஒரே ஓட்டைக்குள்ளாலயோ?"

"ஓம் ஐயா."

"அப்படி என்னத்துக்கு அதைச் சுத்திப் பிடிச்சிருக்கு?"

அவள் சிரித்தாள். "கழுத்தைத் திருப்பக்குள்ள எலும்பு நாடியில உரஞ்சாம மெத்தை மாதிரி இருக்கும். துணைக்குப் போகுது எண்டு வையுங்களன்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, யாராவது கழுத்தைத் திருப்பினார்களா என்று கேட்டாள். நான் மூட்டைக் கதையைத் தொடங்கினேன். எத்தனை லொறி, எவ்வளவு உயரம் என்று அவளுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூட்டை இல்ல ஐயா. இது அண்மையில வந்தது. சலூன்ல நெட்டி முறிச்சீங்களா?"

"எப்பயாவது," என்றேன்.

"இனி வேணாம். ஒரு ஆளும் உங்கட கழுத்தைத் திருப்பக்கூடாது. இன்னொருக்காத் திருப்பினா இரத்தக்கட்டி மூளைக்குப் போகும். கை கால் இழுத்துப்போடும். விளங்குதா?"

விளங்கியது. அவளுக்குத்தான் ஒன்று விளங்கவில்லை.  அந்த இரண்டு கைகளை விட்டால் என் மேல் படுவதற்கு இந்த ஊரில் வேறு கை கிடையாது. அதை ஒரு பெண்பிள்ளையிடம், வெளியே வரிசையில் சனம் நிற்கும்போது, எப்படிச் சொல்வது? குளிசை எழுதிக் கொடுக்கிற வியாதியா அது?

வீட்டுக்கு வந்து மாடிவீட்டு நிழலில் இருந்து யோசித்தேன். உடம்புக்குள், அவ்வளவு ஆழத்தில், எலும்புச் சுவருக்கு நடுவில் கூட அந்த நாடி தனியாகப் போகவில்லையாம். அதைச் சுற்றி வருகிறவை அத்தனை. நான் இந்தப் பக்கத்தில் பெரிய வீடு கட்டினவன், இரண்டு லொறி ஓடவிட்டவன். எனக்குச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தேன். முருங்கை மரம் ஒன்று, தண்ணீர்த் தாங்கி ஒன்று.

மகள் தொலைபேசியில் அழுதாள். "இனிச் சலூன் பக்கமே போகாதீங்கப்பா. நான் சவர மெசின் அனுப்புறன். வீட்டில இருந்து வழியுங்க. இஞ்ச வாங்கப்பா எண்டா கேக்கிறீங்க இல்ல."

"அங்க பனிக்குள்ள நான் என்னத்தைக் கிழிக்கிற?"

"அங்க மட்டும் என்னத்தைக் கிழிக்கிறீங்க?"

வீட்டுக் கூரையில் ஓடு மாற்ற வேண்டும் என்று பேச்சை மாற்றினேன்.

மெசின் வந்தது. கண்ணாடிக்கு முன் நின்று வழித்தேன். அது வண்டு மாதிரிக் கத்திக்கொண்டு முகத்தில் ஊர்ந்தது. ஆலைக்குப் போகும்போது எதிர்ப்பக்கம் பார்க்காமல் போனேன். அவன் வாசலில் நின்று பார்ப்பது தெரியும். கோபம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும் என்று விட்டேன். மழைக்காலம் வந்து போனது. குளிசையும் ஒன்றொன்றாகக் குறைந்தது. கொழும்பில் இன்னொரு படம் எடுத்தார்கள். நாடி ஒட்டிவிட்டது, ஆனாலும் தடை தடைதான் என்றாள் டொக்டர்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வீதியைக் கடந்து போய் நாற்காலியில் இருந்தேன். அவன் துணியைப் போர்த்தினான்.

"முதலாளி வேற சலூனுக்குப் போறீங்க என்ன?"

"ஆர் சொன்ன?"

"ஆர் சொல்லணும்? காதுக்குக் கீழ மேடும் பள்ளமுமாக் கிடக்கு. ஆர் இந்தக் கொலையைச் செய்தது?"

"மகள் மெசின் அனுப்பினவ."

"மெசின்!" என்றான். வேறு கடை இல்லை என்றதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். நுரை போட்டு நன்றாக வழித்தான். சீனாக்காரப் படிகாரக் கட்டியைத் தடவினான். பிறகு பழக்கத்தில் கை முகவாய்க்கு வந்தது.

"வேணாம்," என்றேன். சொல்லத்தான் வேண்டியிருந்தது. டொக்டர் சொன்னதைச் சொன்னேன். நாடி கிழிந்ததையும், அதைச் சுற்றி நாளங்கள் இருப்பதையும், இன்னொரு தடவை திருப்பினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன்.

அவன் கை துவாயில் நின்றது.

"அண்டைக்கு வெடி போட்ட நேரமோ?"

"வெடியாவது மண்ணாங்கட்டியாவது. அந்தக் காலத்தில தூக்கின மூட்டை தம்பி. இப்பதான் வேலையைக் காட்டுது."

"என்ட கை உதறினது எனக்குத் தெரியும்."

"உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எத்தனை மூட்டை தூக்கின கழுத்து இது. உன்ட கைக்கு உடையுமா?"

அவன் நம்பவில்லை. கைகளைத் துவாயில் துடைத்துக்கொண்டே இருந்தான். ஈரம் எப்போதோ போய்விட்டது, அவன் துடைத்தான்.

"இனி உங்கட தலையில நான் கை வைக்கல்ல முதலாளி. எனக்குப் போனது போதும். சவரத்துக்கும் வேற ஆளைப் பாருங்க." என் மேலிருந்த துணியை உருவி உதறினான்.

நான் எழும்பவில்லை. வாழ்க்கையில் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டுப் பழக்கம் இல்லாதவன் நான். ஆலை வாங்க வங்கிக்குப் போனபோதுகூட, நான் அவர்களுக்குத் தர வந்த மாதிரித்தான் நாற்காலியில் இருந்தேன். அன்று அந்தக் கத்துகிற நாற்காலியில் இருந்துகொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"திருப்பாத. சும்மா பிடிச்சுக்கொண்டு நில்லு."

"என்னத்தை?"

"தலையைத்தான். வேற என்னத்தை?"

"திருப்பாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற வேலை ஒண்டு எங்கட தொழிலில இல்ல முதலாளி."

"நானும் கேட்டுப் பழக்கமில்ல. பிடி."

அவன் வாசலுக்குப் போய் வீதியில் ஆள் வருகிறதா என்று பார்த்தான். பிறகு பின்னால் வந்து நின்றான். கைகள் இரண்டும் காதுகளுக்குப் பின்னால் வந்து பட்டன. குளிர்ந்திருந்தன. எனக்கும் பயம்தான். டொக்டர் காட்டிய எலும்பும் ஓட்டையும் கண்ணுக்குள் வந்தன. இருவரும் அப்படியே இருந்தோம். அவன் கை மெல்லச் சூடேறியது. அவன் விரல் ஒன்றின் கீழ் என் நாடி அடிப்பது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

மீன்காரன் ஒருவன் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தான். எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"என்ன, முதலாளிக்குக் காய்ச்சலோ?"

"ஓம், காய்ச்சல்," என்றான் சலூன்காரன், நான் வாய் திறக்குமுன்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கவன். தலையைப் பிடிச்சா மாறுமோ?"

"இரி. கொஞ்சத்தால கூப்பிடுறன்."

கையை அவன் உடனே எடுக்கவில்லை. அதற்காக அவனுக்கு நான் ஒரு நன்றியும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

இப்போதும் அங்கேதான் போகிறேன். சனம் இருந்தால் சவரம் மட்டும். தலையைப் பிடிக்கட்டா என்று அவனும் கேட்பதில்லை, பிடி என்று நானும் சொல்வதில்லை. சில கிழமைகள் அப்படியே போய்விடும். அதனால் மத்தியானம் பார்த்துப் போகிறேன், எல்லாரும் சோற்றுக்குப் போய், வீதியில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லாத நேரம்.